மெல்லிசுத் தந்தி

பாப்பாவின் அப்பாவுக்கு,

லூட் வாத்தியத்தைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தீர்கள். திருவாரூரில் உங்களிடம் புதிதாகக் கற்றுக்கொள்ள வந்திருக்கும் பெண்ணுக்கு வேண்டுமாம். அவள் யார் என்று வந்தவரிடம் நான் கேட்கவில்லை. உங்கள் வேட்டிகளையும் சேர்த்து வாங்கிவரச் சொன்னீர்களாமே, அதுவே போதும்.

பாதிப் பூசணிக்காய் போன்ற வயிற்றோடு அந்தப் பழைய ஐரோப்பிய வாத்தியம் வீட்டுக்குள் வந்த நாள் முதல் உங்களுக்கு ஒரே சட்டம்தான். "மெல்லிசுத் தந்திய, இன்னும் ஒரு முறுக்குல அறுந்துடும்ங்கற வரைக்கும் ஏத்தணும். மத்ததெல்லாம் அதுக்கு ஏத்தாப்ல." பல தந்திகளைச் சேர்த்து மீட்டும் கார்டுகளில் எனக்கு மூன்று மட்டும் சொல்லிக்கொடுத்தீர்கள், நீங்கள் பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க.

நீங்கள் வீட்டை விட்டுப் போன மறுவாரம், ஐப்பசி மழையில், உங்கள் சட்டப்படியே முறுக்கினேன். ஆட்டுக் குடலில் திரித்த தந்தி, ஈரத்தில் நைந்திருந்தது போலிருக்கிறது. அறுந்து என் கண்ணுக்குக் கீழே சுண்டியது. பாப்பா பயந்து அழுதாள். தழும்பு இன்னும் இருக்கிறது.

பிறகு வேறு தந்தி மாட்டி, தடித்த தந்தியைத் தளர்வாக வைத்து, அதிலிருந்து ஒவ்வொன்றாக மேலே போனேன். சுருதி இறங்கியது, அவ்வளவுதான். அதே விரல்களில் அதே மூன்று கார்டுகளும் சுத்தமாகப் பேசின. அந்த மெல்லிசுத் தந்தியை அவ்வளவு வதைத்திருக்க வேண்டியதே இல்லை. பதினோரு வருஷத்தில் இதை நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை.

லூட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். வேட்டிகள் துவைத்து மடித்திருக்கின்றன. தந்திகளைத் தளர்த்தியிருக்கிறேன், உங்கள் சட்டப்படியே முறுக்கிக்கொள்ளுங்கள்.

முறுக்கும்போது அந்தப் பெண்ணை முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பாப்பாவின் அம்மா