இறங்கியவள் வீடு சேரும்வரை

என் லூர்து மேரிக்கு,

அமெரிக்கா போய்விட்டு வந்துவிட்டேன். சிரிக்காதே. காரைக்கால், அம்பகரத்தூர், மறுபடி காரைக்கால் என்று காலம் முழுக்க ஒரே ரோட்டில் டிக்கெட் கிழித்த கண்டக்டர், விமானம் ஏறி இறங்கி முழுசாகத் திரும்பியிருக்கிறேன்.

எதற்குப் போனேன் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? கண்ணை மூடுவதற்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "புள்ளைய இருட்டுல தனியா நடக்க விட்டுடாதீங்க" என்றாய். நானும் தலையாட்டினேன். அப்போது ஸ்டெல்லா இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிறகு அந்த வேலைக்கே அமெரிக்கா போனாள். அங்கேயும் சாயங்கால டூட்டி. முடிந்து, பஸ் பிடித்து, ராத்திரியில் தனியாக நடந்து வீட்டுக்கு வருகிறாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம். கிளம்பி வா" என்று போனில் கத்தினேன். அவள் உன் மகளாயிற்றே, கத்தவில்லை. "நீங்க வாங்கப்பா. என்கூட ராத்திரில நடந்து பாருங்க. பயமா இருந்துச்சுன்னா சொல்லுங்க, மறுபேச்சு இல்லாம உங்ககூடவே வந்துடறேன்" என்றாள். இதுதான் எங்களுக்குள் பேச்சு. பெட்டியில் முதலில் உன் டார்ச் லைட்டைத்தான் வைத்தேன்.

நியூயார்க்கில் உன் தங்கை மகன் ஆல்பர்ட் வீட்டில் இறங்கினேன். ராத்திரி சாப்பிட்டுவிட்டு அவனோடு நடந்தேன். அடேயப்பா, லூர்து! கடைகள் திறந்திருக்கின்றன, தெருவில் பழம் விற்கிறான், கைக்குழந்தையோடு பெண்கள் போகிறார்கள். நம்ம மாங்கனித் திருவிழாக் கூட்டம்தான். "பர்ஸை முன்பாக்கெட்ல வைங்க பெரியப்பா" என்றான். கூட்டத்தில் தோல்பையைக் காத்தே கிழவனானவனுக்குச் சொல்கிறான் பார், பொடிப்பயல்! அங்கே எனக்குப் பயமே இல்லை.

அடுத்து ஹூஸ்டன், ஆல்பர்ட்டின் அக்கா வீடு. அங்கே பயந்தேன். திருடன் யாரும் இல்லை. யாருமே இல்லை, அதுதான் பயம். விசாலமான ரோடு, நல்ல வெளிச்சம், கார்கள் பறக்கின்றன. ஓரத்தில் நடக்கப் பாதைகூட இல்லை. நடக்கிற மனுஷன் நான் ஒருத்தன்தான். ஒரு கார் மெதுவாகி, என்னை உற்றுப் பார்த்துவிட்டுப் போயிற்று. "இங்க யாரு பெரியப்பா நடக்குறா?" என்றாள் அவள். நம்ம பக்கம் இருட்டில் எதிரே வருகிறவரை "யாரு?" என்றால் "நான்தான்" என்று ஒரு குரல் வரும். அங்கே யாரைக் கேட்பது? அன்றைக்கே மனசுக்குள் ஸ்டெல்லாவுக்கு ஊர் திரும்ப டிக்கெட் போட்டுவிட்டேன்.

கடைசியாக சியாட்டில், நம்ம பெண் இருக்கும் ஊர். ஆஸ்பத்திரி வாசலில் அவளுக்காகக் காத்திருந்து, சேர்ந்து பஸ்ஸுக்கு நடந்தோம். தூறல். கடை வாசல்களில் ஆட்கள் சுருண்டு படுத்திருந்தார்கள். ஒருவர் தன்பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தார். "பயமா இருக்காப்பா?" என்றாள். "பாவமா இருக்கு" என்றேன்.

வழியில் ஒரு நிறுத்தத்தில் ஒரு பெண் தனியாக இறங்கினாள். சுற்றிலும் மரம், இருட்டு. அழைத்துப்போக ஒருவரும் வரவில்லை. பஸ் நகர்ந்துவிட்டது. கடைசி ட்ரிப்பில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும். பெண்பிள்ளை இறங்கினால் வீட்டு ஆள் வந்து கூட்டிப்போகும்வரை ரைட் கொடுக்கமாட்டேன். டிரைவர் முணுமுணுத்தாலும் சரி. நம்ம ஊர் தருமபுரத்தில் ஸ்டெல்லா இறங்கும்போதும், நீ டார்ச்சைத் தூக்கி ஆட்டிய பிறகுதானே இரட்டை விசில் அடிப்பேன்?

பழக்க தோஷம், விடுமா? இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்து, "ஹோல்டான்!" என்று கத்திவிட்டேன். பஸ் நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஐயோ அப்பா, மானம் போச்சு!" என்று ஸ்டெல்லா தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு ஓட்டுநரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் நம்ம வயசில் ஓர் அம்மாள். என்னை ஒருமுறை பார்த்தார். ஜன்னல் வழியே அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் மரங்களுக்கு நடுவே இருந்த வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய் விளக்குப் போட்டதும், 'போகலாமா?' என்று என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். இரட்டை விசில் கொடுத்தேன். பஸ்ஸில் சிலர் கைகூடத் தட்டினார்கள்.

"இருட்டினப்புறம் கேட்டா, ஸ்டாப் இல்லாத எடத்துலயும் வீட்டுக்குக் கிட்டக்க நிறுத்துவாங்கப்பா" என்று சொல்லி, தன் தெருமுனையில் நிறுத்தச் சொன்னாள். இறங்கி நடந்தோம். வேகமாக நடந்தாள். சாவியை முன்னமே கையில் எடுத்துக்கொண்டாள். இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"ஒனக்குப் பயமே இல்லையாடி?"

"இருக்குப்பா. நம்ம ஊர்லயும் இருந்துச்சு. அம்மா டார்ச் தெரியிற வரைக்கும் இருந்துச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது, லூர்து. தூறலில் அவளுக்குத் தெரிந்திருக்காது. இத்தனை வருஷம் நம்ம ஊரில் பயமில்லை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்?

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாள். சொன்ன சொல் மாறாதவள். ஆனால் ஊருக்குக் கூட்டிவந்தால் மட்டும் அவள் பயம் போய்விடுமா? வீட்டு வாசலில் நின்று, "பயமாத்தான் இருக்கு. ஆனா நீ வர வேணாம். பஸ்ஸ விட்டு எறங்குன ஒடனே எனக்குப் போன் போடு" என்றேன். கட்டிக்கொண்டாள். உன் டார்ச்சை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். கதவோரம் ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள்.

செல்போன் வாங்கிவிட்டேன். அவளுக்கு ராத்திரி என்றால் நமக்கு மறுநாள் நண்பகல். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன். "எறங்கிட்டேன்பா" என்பாள். டூட்டியில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே நடப்பாள். சாவி திரும்பும், தாழ்ப்பாள் விழும். நான் போனிலேயே இரட்டை விசில் அடிப்பேன். "சவரியண்ணே, ரிட்டையர் ஆயும் எந்த பஸ்ஸுக்கு ரைட்டு குடுக்குறீங்க?" என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டுமே.

தனியாக விடாதீங்க என்றாய். இது தனியா, துணையா? நீதான் சொல்ல வேண்டும். என் மூச்சு இருக்கும்வரை அந்தத் தாழ்ப்பாள் சத்தம் கேட்காமல் விசில் அடிக்கமாட்டேன். இது சத்தியம்.

என் கடைசி ட்ரிப் வரும்போது நீ நிறுத்தத்துக்கு வந்து நில். டார்ச்சைத் தேடாதே, அது ஸ்டெல்லாவிடம் இருக்கிறது. ஒரு குரல் கொடு, போதும்.

ஸ்டெல்லாவின் அப்பா,
உன் வீட்டுக்காரன்
சவரிமுத்து