பின்விளக்கு சரியாகிவிட்டது

அண்ணா,

பதினொரு நாளாக நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மழையில் நான் நம் காரில் பிரேக் போட்டதும் பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். "பிரேக் லைட்டே எரியலம்மா" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னதும் நீ சிரித்தாய். "இவளுக்கு ஓட்ட வராதுப்பா, சாவியை வாங்கி வைங்க" என்றாய். அப்பாவும் வாங்கி வைத்துவிட்டார்.

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. உன் சட்டையைத் தேய்க்கவில்லை. இனியும் தேய்க்கமாட்டேன்.

தட்டுக்குப் பக்கத்தில் பழைய பல்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு இழை: மங்கலானது பின்விளக்குக்கு, பிரகாசமானது பிரேக்குக்கு. மாற்றிப் போடக் கூடாது என்றுதான் அடியில் உள்ள குமிழ்களை ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வைத்திருக்கிறார்கள். யாரோ பக்கம் மாற்றித் திருப்பி அழுத்தியதில் அவை நசுங்கியிருக்கின்றன. அதனால் விளக்கு போட்டதுமே பிரகாசமான இழை எரிந்தது. பிரேக்கை மிதித்தால் மங்கலானதுதான் கூடச் சேர்ந்தது, வித்தியாசமே தெரியவில்லை.

புதிது மாட்டிவிட்டேன். நான் மிதிக்க, அப்பா பின்னால் நின்று பார்த்தார். சாவி இப்போது என்னிடம். நீ பஸ்ஸில் போ.

பல்புகளைத் தூக்கிப் போட்டுவிடாதே. சாயங்காலம் பெரியப்பா வருகிறார். அவரிடமும் சொல்லிச் சிரித்தாயே, அவரும் பார்க்கட்டும்.

பி.கு.: அந்தப் பழைய பல்புகளை மாட்டியது யார் என்று அப்பா கேட்டார். தலை குனியாமல் சொன்னேன்: "அண்ணன்தான்ப்பா."