பெட்டிக்கு வந்த படங்கள்

15 ஆகஸ்ட், வெள்ளி

மாதா விண்ணேற்புத் திருநாள். பூசைக்குப் போய் வந்து, மத்தியானம் மூன்று மணிக்குச் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கேம் பெட்டியைத் திறந்தோம். இருந்தவர்கள்: நான், அவர் (என் வீட்டுக்காரர்), மகள் ஆக்னஸ், மாப்பிள்ளை ரெஜிஸ். நான்கு பேர். வேறு யாரும் இல்லை.

ஆக்னஸ் இன்டர் (ப்ளஸ் டூ) படிக்கும்போது வாங்கிய பெட்டி. சிடி தட்டு சிக்கிக்கொண்டு ஏழு வருடமாகக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, அந்தக் கூட்டுக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை உட்கார வைத்து டிவியோடு சேர்க்க வேண்டும். பாட்டு, படம், வேளாங்கண்ணிப் பூசை, குடும்பப் போட்டோ எல்லாம் அதிலேயே. நாலு மாதமாக யூடியூப் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

கழற்றிய திருகுகள் 23. எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று படம் வரைந்து செலோடேப்பால் ஒட்டிவிட்டேன். அவர் பார்த்துவிட்டு, "லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல முப்பத்தாறு வருஷம் ஃபோர்மேனத் தேடினேன் மாப்ளே. வீட்லயே இருந்திருக்கா" என்றார்.

ஆக்னஸ், "மம்மி, மேல இருக்குற என் ஸ்டிக்கர எடுக்காத, நக்கோ!" என்று கத்தினாள். இந்த ஊர்ப் பேச்சில் ஹவ் என்றால் ஆமாம், நக்கோ என்றால் வேண்டாம். மாப்பிள்ளை சிரித்தார். "அத்தை, உங்க பொண்ணுக்கு முதல்ல தமிழ் சொல்லித் தரணும். எங்க திருச்சில இவ வாயத் தொறந்தாலே சிரிக்கிறாங்க." நாங்களும் சிரித்தோம். ஆக்னஸும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

டார்ச் பிடிக்க அவள் போனை வாங்கிய மாப்பிள்ளை, வேலை முடிந்ததும் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ராத்திரிச் சாப்பாடு வரை அங்கேயே இருந்தது. மறந்திருப்பார்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

இருவரும் சென்னைக்குக் கிளம்பிவிட்டார்கள். கல்யாணமாகி மூன்று மாதம். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

23 ஆகஸ்ட், சனி

செகந்திராபாத், சி.டி.சி. கம்ப்யூட்டர் மார்க்கெட், பாஷா பாய் கடையில் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய போர்டு, விசிறி, ஹார்ட் டிஸ்க். வெறும் கூட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அம்மா, இஸ் டப்பே மே? சாஸ் கைசே லேகா?" இந்த டப்பாவுக்குள் எப்படி மூச்சு விடும் என்கிறார். பார்த்துக்கொள்கிறேன் பாய் என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் முழுக்க அதுவே ஓடியது.

28 ஆகஸ்ட், வியாழன்

பழைய போர்டைத் தாங்கிய கால்களை அவர் அரத்தால் ராவி எடுத்தார். புதுப் போர்டுக்கு எம்-சீல் உருட்டி நான்கு கால் வைத்தேன். ஒன்று சாய்ந்துவிட்டது. பெயர்த்து எடுத்து மறுபடி. பழைய பவர் பட்டனிலிருந்து இரண்டு வயர் இழுத்துப் போர்டில் மாட்டியாயிற்று. பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு எரிகிறது! சின்னப் பிள்ளை மாதிரி ஆறு தடவை அழுத்திப் பார்த்தேன்.

3 செப்டம்பர், புதன்

மூடி போட்டால் 84 டிகிரி. மூடி இல்லாமல் 52. இரண்டு நாளாக ஏன் ஏன் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் விசிறியையே திருப்பி மாட்டியிருக்கிறேன். சூட்டை வெளியே தள்ள வேண்டியது உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்க்க ஒழுங்காகச் சுற்றுகிற மாதிரிதான் தெரிகிறது. திருப்பி மாட்டினேன். 61.

8 செப்டம்பர், திங்கள்

மாதா பிறந்தநாள். வேளாங்கண்ணிப் பூசையைப் பெட்டி வழியாகப் பெரிய டிவியில் பார்த்தோம். ஸ்தோத்திரம்.

12 செப்டம்பர், வெள்ளி

வெளியூரிலிருந்து வீட்டுப் பெட்டிக்கு வழி திறக்க இரண்டு நாள் ஆயிற்று. காலை பதினொன்றுக்கு ஆக்னஸைப் போனில் பிடித்து, ஒரு செயலியைப் போடச் சொல்லி, படிப்படியாகச் சொன்னேன். இனி அவள் போனில் எடுக்கும் படமெல்லாம் தானாக இங்கே வந்து சேரும். அவள் போனில் அழித்தாலும் இங்கே இருக்கும்.

"ஹவ் மம்மி, ஹவ்! வந்துச்சா? நீ இன்ஜினியர் மம்மி!" என்று குதித்தாள். எத்தனை நாளாயிற்று இந்தக் குரலைக் கேட்டு.

"மாப்பிள்ளை போன்லயும் போடச் சொல்லுடி."

"அவருக்கு நக்கோ மம்மி. அவர்ட்ட சொல்றதும் நக்கோ."

ஏதாவது ஆச்சரியம் வைத்திருக்கிறாள் போல. இன்றைய வரவு: 31 படம்.

21 செப்டம்பர், ஞாயிறு

சாயங்காலம் மாப்பிள்ளையும் ஆக்னஸும் பேசினார்கள். எவ்வளவு சுத்தமான தமிழ்! "நன்றாக இருக்கிறேன் அம்மா. சாப்பிட்டேன் அம்மா. ஒன்றும் வேண்டாம் அம்மா." மம்மி போய் அம்மா வந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். மாமியார் வீட்டில் கேலி செய்வார்கள், ஹவ் நக்கோ எல்லாம் விட்டுவிடு என்று கல்யாணத்துக்கு முன்னால் படித்துப் படித்துச் சொன்னவள் நான்தானே.

இந்த வாரம் வந்த படம்: 14, 9, 11, 6, 6, 3, 2.

30 செப்டம்பர், செவ்வாய்

5 படம். ஐந்திலும் ஒரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே அடுத்த கட்டிடத்தின் சுவர். வேலைக்குப் போகவில்லையா இவள்? எல்லாம் பகல் நேரத்துப் படம்.

பெட்டி 58 டிகிரி. பெட்டியில் குறை இல்லை.

4 அக்டோபர், சனி

காலை செபமாலை முடித்துவிட்டு டிவியைப் போட்டேன். 4 படம். ஒரு கை. முழங்கைக்குக் கீழே உள்பக்கம், நான்கு விரல் பதிந்தது போல நீலமாக. ஆக்னஸின் கைதான், மணிக்கட்டுக்கு மேலே அந்த மச்சம் இருக்கிறது. நாலு படமும் அதே கை.

கைக்குப் பக்கத்தில் சுவரில் நாள்காட்டி. முதலில் அது தற்செயல் என்று நினைத்தேன். இல்லை. நாலு படத்திலும் இருக்கிறது. நேற்றைய தேதி, 3, பெரிதாகத் தெரியும்படி கையை அதை ஒட்டியே வைத்திருக்கிறாள்.

என் பிள்ளை தேதி போட்டு எழுதி வைக்கிறாள். நான் எழுதுவது மாதிரி.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெரிய டிவியில் அந்தக் கை அவ்வளவு பெரிதாக... அவர் ரிமோட்டை வாங்கி அணைத்துவிட்டார். "பாத்ரூம்ல வழுக்கியிருக்கும் மேரி. நாம அவசரப்படக்கூடாது. புதுக் குடும்பம்."

வழுக்கி விழுந்தால் நான்கு விரல் பதியுமா?

அடுத்தவர் படத்தை அவருக்குத் தெரியாமல் பார்ப்பது பாவமா? அவளே அனுப்பியதுதானே. அனுப்பினாளா, தானாக வந்ததா? தெரியவில்லை. மாதாவே, எனக்குத் தெரியவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். மாற்றாமல்.

சாயங்காலம் ஐந்தே காலுக்கு ஆக்னஸைக் கூப்பிட்டேன். எடுத்தாள். "நன்றாக இருக்கிறேன் அம்மா" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. "கை எப்படி இருக்குடி?" என்று கேட்டுவிட்டேன்.

நாற்காலி நகரும் சத்தம்.

பிறகு மாப்பிள்ளையின் குரல், ரொம்பப் பக்கத்தில், அன்பாக: "எந்தக் கை அத்தை?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கனவு கண்டேன் என்று சொல்லியிருக்கலாம். யாரோ சொன்னார்கள் என்று சொல்லியிருக்கலாம். எதுவும் தோன்றவில்லை. "போட்டோல பார்த்தேன் தம்பி. அவ எடுக்கிறதெல்லாம் நம்ம பெட்டிக்கு வந்துடும்ல" என்றேன். அதைச் சொல்லும்போதுகூட — கடவுள் மன்னிக்கட்டும் — குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

"அப்படியா அத்தை? ரொம்பக் கெட்டிக்காரங்க நீங்க. கதவுல இடிச்சுக்கிட்டா. சரி, வைக்கிறேன்."

6 அக்டோபர்

0.

7 அக்டோபர், செவ்வாய்

செபமாலை மாதா திருநாள். 0. போன் போகவில்லை. மாப்பிள்ளை எண்ணுக்கு அடித்தேன். "தூங்குறா அத்தை." காலை பத்து மணி.

8 அக்டோபர்

0. "குளிக்கிறா அத்தை."

9 அக்டோபர்

0. எடுக்கவே இல்லை.

பெட்டி 58 டிகிரியில் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றும் வராத பெட்டிக்கு எதற்கு விசிறி. அணைக்கப் போன கையை எடுத்துவிட்டேன்.

11 அக்டோபர், சனி

பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஆக்னஸோடு பேசிய நாளெல்லாம் நேரத்தோடு எழுதியிருக்கிறேன். பகல் பதினொன்று, பன்னிரண்டு மணிக்குப் பேசியதில் எல்லாம் மம்மி, ஹவ், நக்கோ. சாயங்காலமும் ஞாயிறும் பேசியதில் எல்லாம் அம்மா, ஆமாம், வேண்டாம். ஒன்றுகூடத் தப்பவில்லை.

மாப்பிள்ளை பக்கத்தில் நின்றால்தான் அந்தச் சுத்தத் தமிழ். ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் பிள்ளை பயத்தில் பேசியதை நான் படிப்பு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக் கனகத்திடம்கூடப் பீற்றிக்கொண்டேன்.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பார்த்தது பாவமா என்று கேட்டேன். ஃபாதர், "பார்த்தது இருக்கட்டும்மா. பார்த்துட்டு என்ன செய்யப் போறீங்க?" என்றார். பரிகாரம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் உங்க வீட்டுக்காரரிடம் பேசுங்கள் என்றார்.

பேசினேன். நோட்டை முன்னால் வைத்து, நேரத்தைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "பெரம்பூர்ல வேதாசலம் இருக்கான். எங்கூட வேலை பார்த்தவன். ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டுமா?" என்றார். கேளுங்கள் என்றேன். கேட்கவில்லை. நாளைக்கு என்றார்.

13 அக்டோபர், திங்கள்

காலை 10.52. வரவு: 1.

வீட்டு வாசலை உள்ளேயிருந்து எடுத்த படம். மரக்கதவு திறந்திருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் இரும்புக் கம்பிக் கதவு சாத்தியிருக்கிறது. கம்பிக்கு வெளியே பூட்டு தொங்குகிறது. வெளியே. வீட்டுக்குள் இருப்பவள் எடுத்திருக்கிறாள்.

அவர் சமையலறை வாசலில் நின்று பார்த்தார். போனை எடுத்து வேதாசலம் அண்ணனைக் கூப்பிட்டார். "டேய், எட்வின் பேசறேன். எம் பொண்ண வீட்ல வச்சுப் பூட்டியிருக்கான்டா" என்றார். போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி விலாசம் சொன்னேன். அண்ணன் இப்போதே மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றார். படங்களையும் அனுப்பிவிட்டேன், தேதியோடு. நாங்கள் சர்லபல்லி ஸ்டேஷனில் சாயங்கால வண்டி பிடிக்கிறோம்.

அவள் எண்ணுக்கு அடித்தால் இன்னும் போகவில்லை; வைஃபையில்தான் படம் வந்திருக்கும். மாப்பிள்ளை அணைத்திருக்கக்கூடிய செயலியை அவளே மறுபடி போட்டிருக்கிறாள். அப்படியானால் திறந்து பார்ப்பாள். பெட்டியில் நான் எதை வைத்தாலும் அவளுக்குத் தெரியும். ஆனால் மாப்பிள்ளை கையிலும் அந்தப் போன் போகும். தமிழில் எழுதினால் அவர் படிப்பார், அவளுக்குத் தமிழ் பேச மட்டும்தான் தெரியும். இங்கிலீஷும் அவர் படிப்பார்.

சமையல் நோட்டில் ஒரு பக்கம். மேலே சாம்பார்ப் பொடி, மிளகாய் கால் கிலோ, தனியா அரைக் கிலோ. அதற்குக் கீழே அதே வரிசையில், தெலுங்கு எழுத்தில் அவளுக்கு ஒரு கடிதம். பஸ் போர்டும் ரேஷன் அட்டையும் பார்த்து நான் கற்றுக்கொண்ட கோணல் எழுத்து. ஆக்னஸ் பள்ளியில் பத்து வருடம் படித்த எழுத்து. திருச்சிக்காரருக்கு அது வெறும் வட்டம் வட்டமாகத்தான் தெரியும். படம் எடுத்துப் பெட்டியில் சமையல் என்ற பெயரில் போட்டேன். மணி 12.20.

பெட்டியை அணைக்காமல் வீட்டைப் பூட்டுகிறோம். என் போனிலும் பார்க்க முடியும். அங்கே எழுதியதை இங்கே தமிழில் எழுதி வைக்கிறேன்:

ஆக்னஸ், பூட்டைப் பார்த்தோம். கையையும் பார்த்தோம். அன்று நான் வாய் தவறிச் சொன்னது என் தப்பு. வேதாசலம் அங்கிள் போலீஸ் அம்மாவோடு இன்றே வருவார். பெரிய மீசை, ரயில்வே கண்ணாடிக் கூடு சட்டைப் பையில் இருக்கும், பயப்படாதே. டாடியும் நானும் நாளைக் காலை சென்ட்ரலில் இறங்குகிறோம். உன் துணி, சர்டிபிகேட் எதுவும் வேண்டாம், நீ வந்தால் போதும். இதைப் படித்துவிட்டாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். ஏதாவது ஒரு படம் எடு. சுவரானாலும் சரி, தரையானாலும் சரி. வண்டி ஏறின பிறகும் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். சீக்கிரம் பதில் அனுப்பு.