உதடு அசையாமல் படிப்பது

வியாழன், ராத்திரி

நாளைக்கு மகள் ஜெசிக்குக் கம்ப்யூட்டர் பரீட்சை. கோச்சிங் எதுவும் போகாமல் தானாகப் படித்தாள். பரீட்சையும் வீட்டில்தான், கேமரா முன்னால். போன தடவை கேள்வியை முணுமுணுத்தாள்; யாரிடமோ விடை கேட்கிறாள் என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இதில் தேறினால்தான் வேலை.

அதனால் இன்றைக்கு நான்தான் கேமரா. எதிரே உட்கார்ந்து அவள் வாயையே பார்த்தேன்.

"ஏட்டி, உதடு ஆடுது. எச்சி முழுங்குனேன்னு பொய் சொல்லாத."

"அச்சா, சரி மம்மி, சிரிக்க வைக்காதீங்க."

சத்தமாகப் படிக்கிறது இவளுக்குச் சின்னதிலிருந்தே பழக்கம். டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் நான் சப்பாத்தி தேய்ப்பேன், இவள் அடுப்படி வாசலில் உட்கார்ந்து பாடம் வாசிப்பாள். குரல் நின்றால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். மழை எப்படிப் பெய்கிறது என்று எனக்கே அவள் வாசித்துக் கேட்டுத்தான் தெரியும். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்கு அது போதாதா.

இன்றைக்குக் கடைசியாக ஒரு தடவை படிக்க வைத்தபோது ஒரு கேள்விக்கும் உதடு அசையவில்லை.

"பாஸா மம்மி?"

"பாஸ்" என்றேன். வீடு கம்மென்று இருந்தது. சந்தோஷம்தான்.

பரீட்சை முடிந்ததும் ஒரு பக்கமாவது எனக்குச் சத்தமாக வாசிக்கச் சொல்லணும். புரியாவிட்டால் என்ன.