ஜல்லி கோதண்டத்தைக் கனகாவுக்குப் பிடிக்காது

ஆகஸ்ட் 4, திங்கள்

சுகர் டாக்டரம்மா தினமும் சாப்பிட்டதை எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதுகிறேன். காலையில் இட்லி மூணு. சட்னி கொஞ்சம். மூணு இட்லிக்கு ஒரு முழுப் பக்கமா? மீதி இடம் வீணாப் போவுதே. நடந்ததையும் எழுதி வைக்கிறேன். டாக்டரம்மா படித்துச் சிரித்தால் சிரிக்கட்டும்.

மண்ணூரிலிருந்து ஒரகடம் கம்பெனிக்கு எங்களை ஏற்றிப் போகிற பஸ்ஸுக்குப் புது டிரைவர் வந்திருக்கிறார். நான் அந்தக் கம்பெனி கேன்டீனில் சோறு பரிமாறுகிறவள். சுப்பிரமணி அண்ணன், படப்பைக்காரர். வண்டியை எடுத்ததும் பென் டிரைவைச் சொருகினார். முதல் பாட்டே ஜல்லி கோதண்டம்! எத்தனை வருஷம் ஆச்சு அந்தக் குரலைக் கேட்டு. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் என் சிநேகிதி கனகலட்சுமி சால்வையைக் காது வரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

"இன்னாடி தாமர, காலங்காத்தால கிரஷர் ஓடுது?"

"நம்ம ஜல்லிடி. தெரியல?"

"தெரியுது. அதான் கேக்குறேன்."

அந்த ஆள் போட்டது மொத்தம் ரெண்டு கேசட். சினிமாக்காரன் எவனும் கூப்பிடவில்லை. லாரியில் இருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி குரல், அதனால் அந்தப் பேர். ஆனால் எங்கள் பக்கம் டீக்கடையில் அவர் பேரைச் சொன்னால் பத்து பேர் கூடுவான், அதில் அஞ்சு பேர் சண்டைக்கு வருவான்.

ஆகஸ்ட் 5

இட்லி மூணு. (நாலு.) பஸ்ஸில் பாட்டு இல்லை. கனகா போய் நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 13, புதன்

பஸ் ரெண்டாகப் பிரிந்துவிட்டது. முன்னால் இருக்கிறவர்கள் ஜல்லி கட்சி, பின்னால் கனகா கட்சி. நான் கனகா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே ஜல்லிக்கு ஓட்டு போடுகிறேன்.

லைனில் வேலை செய்கிற எழிலரசி கேட்டாள். சின்னப் பெண், காதில் எந்நேரமும் ஒயர். "தாமரக்கா, இன்னாதான் இருக்குது அந்தாளு குரல்ல?"

நான் வாயைத் திறக்கும் முன்னே கனகா ஆரம்பித்தாள். "ஒண்ணும் இல்ல. சுருதி நிக்காது. பாதி வார்த்தைய முழுங்கிடுவாரு. நடுவுல இருமுவாரு, அந்த இருமல அப்படியே கேசட்ல வுட்டு வச்சிருக்காங்க. இதுக்குப் பேரு பாட்டா?"

"அடியே, அந்த இருமல்தாண்டி பாட்டே!" என்றேன். "முன்ன நாம வேல பாத்த போன் கம்பெனி பஸ்ல அந்த எடம் வந்தா மொத்தப் பேரும் சேர்ந்து இருமுவோமே. நீயுந்தான இருமின?"

"அப்ப வயசு."

"இப்ப இன்னா, சளியா?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. கனகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருபது வருஷமாக அவளைச் சீண்டுகிறேன். திரும்பிக்கொள்வாள், ஒரகடம் வருவதற்குள் சரியாகிவிடுவாள். சரியானாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வூட்டுக்காரர் சவாரி ஏற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போய்விட்டார். தனியாக உட்கார்ந்து எழிலரசி கேட்டதையே யோசித்தேன். இன்னாதான் இருக்குது அந்தக் குரலில்?

போன் கம்பெனி ஞாபகம்தான் வருது. நானும் கனகாவும் ஒரே லைன். நீலக் கோட்டு, நீலத் தொப்பி, கண்ணு மட்டும்தான் தெரியும். அந்தத் தொப்பியோட ஆயிரம் பேருக்கு நடுவுல நடையை வச்சே அவளைக் கண்டுபிடிப்பேன். முதல் சம்பளத்துல ரெண்டு பேரும் ஒரே கலர்ல சுடிதார் எடுத்தோம். அவ சாப்பாட்டு நேரத்துல மெதுவா முருகன் பாட்டு பாடுவா. சூப்பர்வைசர் கூட தட்டை வச்சிட்டு நிப்பாரு. அது பன்னீர்க் குரல். அந்த மாதிரி நான் கேட்டதே இல்ல.

அப்புறம் ஒருநாள் கம்பெனியை மூடிவிட்டார்கள். கடைசி நாள் பஸ்ஸில் டிரைவர் ஜல்லியைப் போட்டார்—

கேட்டு சாத்தினா இன்னா கண்ணு
ரோட்டுக்கு ஏது பூட்டு

இருமல் வருகிற இடம் வந்தது. யாரும் இருமவில்லை. கனகா என் கையைப் பிடித்துக்கொண்டாள், மண்ணூர் வரைக்கும் விடவில்லை.

நல்லா பாடறவன் நம்ம அழுகையை அழகாக்கிடுவான். ஜல்லி அழுது முடிச்சு மூஞ்சி கழுவிட்டு வந்தவன் மாதிரி பாடுவாரு. அதுதானோ? எழிலரசிக்கு இதை எப்படிச் சொல்வது. நாளைக்குச் சொன்னால் "ஓவர் ஃபீலிங்ஸ்க்கா" என்பாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சாப்பாட்டுக் கணக்கு அப்புறம். நடந்ததை எழுதிடறேன்.

ஆயுத பூஜை பேச்சு கேன்டீனில் வந்தது. எங்கள் பஸ்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாலை போட்டு, பூசணிக்காய் உடைக்கும் முன்னே ஒரு பாட்டு, ஸ்பீக்கரில் இல்லை, வாயால். எல்லா வருஷமும் கனகாதான். இந்த வருஷம் என்ன பாட்டு என்று எழிலரசி கேட்டதற்கு, "நான் பாடல. செட்டுல ஏதாச்சும் போட்டுக்கோங்க" என்றாள்.

நான் சோற்றுக் கரண்டியோடு கவுன்டரில் நிற்கிறேன். என் வாய் சும்மா இருக்குமா? "கனகாம்மாவுக்கு ஜல்லி மேல பொறாமை!" என்றேன். அதோடு நிறுத்தினேனா? கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு அவளோட முருகன் பாட்டை ஜல்லி குரலில் பாடினேன். மேலே ஏறுகிற இடத்தில் குரலைக் கீச்சென்று உடைத்துக் காட்டினேன். கேன்டீனே சிரித்தது. கனகா சிரிக்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். சோறு பாதி கூட இறங்கலை.

இன்னா பண்ணேன் நான்? தினம் பண்றதுதானே பண்ணேன்?

செப்டம்பர் 10

பக்கத்து சீட் காலி. அவள் கடைசி வரிசையில்.

செப்டம்பர் 12

"ஒரு வார்த்தையாச்சும் திட்டுடி" என்றேன். கேட்காத மாதிரி இறங்கிப் போனாள்.

வூட்டுக்காரரிடம் சொன்னால், "உன் வாய்க்கு ஒருநாள் இது வரும்னு எனக்குத் தெரியும், எனக்குத்தான் வரும்னு நெனச்சேன்" என்கிறார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனேன். நான் கோயிலுக்குப் போவது ஆடிக்கு ஒரு தரம், அமாவாசைக்கு ஒரு தரம். ஆனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஜனையில் கனகா முன்னால் உட்கார்ந்து பாடுவாள், முடிந்ததும் பிடித்துக்கொள்ளலாம் என்று போனேன்.

முன்னால் வேறு யாரோ பாடிக்கொண்டிருந்தாள். கனகா கடைசியில் தூண் ஓரமாக ஜால்ரா தட்டிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது.

பூக்கார கிளியம்மாளிடம் கேட்டேன். "உனக்குத் தெரியாதா? மாசியில கழுத்துல தைராய்டு ஆபரேஷன் பண்ணாங்களே, அதுலேருந்து மேல ஏற மாட்டேங்குது. பேச்சு வருது, பாட்டு வரல. ரெண்டு வாரம் பாடிப் பார்த்துச்சு. கீச்சு கீச்சுன்னு உடைஞ்சிச்சு. அதுவே பின்னால போயி உக்காந்துக்கிச்சு."

ஆபரேஷன் எனக்குத் தெரியும். ரசம் வைத்து எடுத்துக்கொண்டு போனவளே நான்தான். தழும்பு மட்டும்தான் மிச்சம், அதை மறைக்கத்தான் சால்வை என்று நினைத்தேன். ஏழு மாசம் பக்கத்துல உக்காந்தவ, ஒரு தரம் கூட ஏண்டி நீ முணுமுணுக்கக் கூட மாட்டேங்குறேன்னு கேட்கலையே! ஊரு பேச்சு அத்தனையும் பேசிகினு வந்தேனே!

அதையே கேன்டீன் நடுவுல உடைச்சுக் காட்டிட்டேன்.

அவள் முன்னால் போகாமலே திரும்பிவிட்டேன்.

செப்டம்பர் 17

கடைசி வரிசைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "கிளியம்மா சொன்னா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. எனக்கே வரவில்லை!

அவளே பேசினாள். "அந்தாளு கரகரன்னு பாடினா கூட்டம் கூடுது. ஆகா, இன்னா குரல்னு நீயே ஒரு மாசமா பஸ்ல கூவுற. நான் பாடினா, தொண்டைக்கு இன்னாம்மா, மிளகுப் பால் குடின்னு சொல்றாங்க. அவருக்கு மட்டும் அது எப்படிடி குரலாச்சு? எனக்கு எப்படி வியாதியாச்சு?"

"தெரியலடி" என்றேன். இருபது வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன முதல் தெரியல.

"போ, உன் சீட்டுக்குப் போ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் வரவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளைக்கு லீவு, அதனால் இன்றைக்கே பூஜை. சுப்பிரமணி அண்ணன் பஸ்ஸைக் கழுவி, முன்னால் வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். கற்பூரம் எரிந்தது. பாட்டு நேரம். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கனகா கும்பலுக்குப் பின்னால். சுப்பிரமணி அண்ணன் செட்டைப் போட வண்டியில் ஏறினார்.

"இருங்கண்ணா, நான் பாடறேன்."

சிரிப்பு வந்தது. தாமரக்கா மிமிக்ரி என்று நினைத்திருப்பார்கள். நான் என் குரலில்தான் ஆரம்பித்தேன். என் குரல் இன்னா, தகர டப்பாதானே. கனகாவோட முருகன் பாட்டு. முதல் அடி சரியாக வந்தது. ரெண்டாவதில் மயில் வரணும், நான் சேவலைக் கொண்டு வந்துவிட்டேன். அதோடு மறந்து போச்சு. வேர்த்துக் கொட்டுது. சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்த அடி அது இல்லடி."

பின்னாலிருந்து கனகா. அங்கேயே நின்றபடி எடுத்தாள், ரொம்பக் கீழே, பக்கத்தில் இருப்பவளிடம் பேசுகிற மாதிரி. குரல் முழுக்கச் சொரசொரப்பு. பன்னீர் இல்லை. மேலே ஏறுகிற இடம் வந்தது. அவள் ஏறவில்லை. அந்த அடியைக் கீழேயே வைத்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக முருகனிடம் சொன்னாள். அவ்வளவுதான். இத்தனை வருஷம் மேலே ஏறும்போது அவள் குரலைத்தான் கேட்டிருக்கிறேன். அந்த அடியில் என்ன கேட்கிறாள் என்பது இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

பாட்டு முடிந்தும் சுப்பிரமணி அண்ணன் பூசணிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "ஒடைண்ணா, டைம் ஆவுது" என்று கனகாதான் சொன்னாள்.

அக்டோபர் 3

கனகா ஜன்னல் சீட்டுக்கு வந்துவிட்டாள். "ஜல்லிக்கு இப்பவும் சுருதி இல்லதான்" என்றாள், நான் ஒன்றும் கேட்காமலே.

நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

"இன்னாடி, பதில் சொல்ல மாட்டியா? பேசு, தூக்கம் வருது."

பேசினேன். ஒரகடம் வரைக்கும் சண்டை.

அக்டோபர் 8, புதன்

சோறு ஒரு கப். (ஒண்ணரை.) வாழைக்காய்ப் பொரியல்.

பூஜையன்று எழிலரசி கனகா பாடினதைப் போனில் பிடித்து வைத்து, ரிங்டோனாகவும் போட்டிருக்கிறாள், யாரிடமும் கேட்காமல். இன்றைக்கு கேன்டீன் வரிசையில் அது அடித்தது. கனகா திரும்பி அவளை ஒரு முறை முறைத்தாள். "அழிச்சிடட்டாக்கா?" என்றாள் எழிலரசி. கனகா தட்டைத் துடைத்துக்கொண்டு முன்னால் நகர்ந்தாள்.

வரிசையில் பின்னால் பெயின்ட் அடிக்கிற பிரிவு ஆள் ஒருத்தர், எங்கள் பஸ் இல்லை, தட்டோடு எட்டிப் பார்த்தார். "யாரும்மா இது பாடறது? இவங்க பாட்டு வேற ஏதாச்சும் இருக்குதா?"

யாருன்னுதான் கேட்டார். தொண்டைக்கு இன்னான்னு கேட்கலை.

நான் கனகாவைப் பார்த்தேன். அவள் தட்டை நீட்டி, "பொரியல் இன்னும் கொஞ்சம் வை" என்றாள்.

வைத்தேன்.