நன்மை வாங்காத ஞாயிறுகள்

என் ஆசைக்கும் ஆத்திரத்துக்கும் உரிய லூர்து,

நீ போய் வருசம் திரும்பப் போகிறது. கண்மாய் நிறைந்துவிட்டது, நடவு முடிந்தது, செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது. நல்ல சேதியெல்லாம் சொல்லியாயிற்று. இனி சண்டைக்கு வருகிறேன்.

எமன்மேல்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் கிடையாது. உங்கள் பூசையில் சாமியார் கொடுக்கிற, நாக்கில் வைத்தால் கரைந்து போகிற அந்த வெள்ளை அப்பத்தின்மேல்தான். நற்கருணை என்பாய், நன்மை வாங்குவது என்பாய்.

காளையார்கோவில் சந்நிதியில் உனக்கு நான் தாலி கட்டிய அன்றோடு உன் வேதக்கோயிலில் உனக்கு நன்மை நின்றுபோனது. சாமியார் இல்லாமல் இந்துக்காரன் கட்டிய தாலி கல்யாணமே இல்லையாம், நாம் வாழ்வது பாவமாம். பூசைக்கு வரலாம், முட்டி போடலாம், அப்பம் மட்டும் கேட்கக் கூடாது. பிறக்கும் பிள்ளைகளை ஞானஸ்நானத்துக்குக் கொடுப்பேன் என்று நான் கையெழுத்துப் போட்டால் சரிசெய்து வைக்கலாம் என்றார்கள். பிறக்காத பிள்ளைக்கு நான் ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்? மறுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் மறுப்பேன். பிள்ளையும் பிறக்கவில்லை.

நீயோ ஞாயிறுதோறும் பச்சைத்தண்ணி பல்லில் படாமல் பஸ் ஏறினாய். நன்மை வாங்குகிறவர்கள் முதல்நாள் இரவோடு வாயைக் கட்டுவது உங்கள் பழைய வழக்கம். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறி, கொஞ்ச நேரம் பட்டினி கிடந்தால் போதும் என்று உங்கள் ஆட்களே தளர்த்திய பிறகும் நீ விடவில்லை.

"வாங்கப் போறதில்ல, அப்புறம் என்னடி விரதம்? காபியக் குடிச்சிட்டுப் போ."

"பசிச்சாத்தாங்க கேக்குற மாதிரி இருக்கும். வயித்த நெறச்சிட்டுப் போனா, வேணாம்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்."

கேட்டு என்ன கண்டாய்? அதை வாங்கினால் மனசுக்குத் தெம்பு வரும், கோபம் தணியும், சேசுவே உள்ளே வந்து தங்குவார், சாகும்போது அந்த வழிக்கு அதுதான் கட்டுச்சோறு என்பாய். தெம்புக்கு நான் விளைவித்த நெல் போதாதா? துணைக்கு நான் போதாதா? எல்லாரையும் ஒன்றாக்கும் விருந்து என்றாயே, எல்லாரும் எழுந்து வரிசையில் போக, உன்னை மட்டும் தரையில் உட்கார்த்தி வைத்தது என்ன விருந்து?

நீ படுக்கையில் விழுந்ததும் சாமியாரை நானேதான் போய்க் கூட்டி வந்தேன். அவர் வருகிறார் என்று தெரிந்ததும், நான் ஊட்ட வந்த கஞ்சியைக் கையால் தள்ளினாய்.

"சாமி வந்துட்டுப் போகட்டும்."

நோயாளிக்கு விரதம் கிடையாது என்று அவரே சொல்லியும் வாயைத் திறக்கவில்லை.

"சாகக் கெடக்குறவுகளுக்குக் குடுக்கலாம். ஆனா வாழ்ந்த வாழ்க்கைக்கு மனஸ்தாபப்பட்டு, செஞ்ச பாவத்த எங்கிட்ட வாய்விட்டுச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணணும். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் என்னிடம். என் வீட்டில் என்னையே வெளியே நிறுத்தினார். வைக்கோல் படப்பு ஓரமாய் நின்றேன்.

கதவு திறந்தபோது நீ நன்மை வாங்கி முடித்திருந்தாய். முகத்தில் அப்படி ஒரு அமைதி. நம் கல்யாணத்தன்றுகூட அதை நான் பார்த்ததில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இப்பக் குடுங்க கஞ்சிய" என்றாய். குடித்தாய். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாய்.

உள்ளே என்ன சொன்னாய், லூர்து? என்னோடு வாழ்ந்தது பாவம் என்று சொல்லித்தான் அதை வாங்கினாயா? எனக்காக உன் அண்ணன்மாரோடு பேச்சை முறித்தாய், என் காய்ச்சலுக்குக் கண் விழித்தாய். அதெல்லாம் பாவமா?

சாமியாரிடம் போய்க் கேட்டேன். "பாவசங்கீர்த்தனத்துல கேட்டத வெளிய சொல்ல எனக்கு உரிமை இல்ல" என்று கும்பிட்டார். அவரும் சொல்ல மாட்டார், நீயும் சொல்ல மாட்டாய்.

அதனால் இப்போது ஞாயிறுதோறும் நான் காபி குடிக்காமல் பஸ் ஏறுகிறேன். கோயில் வாசலில் நிற்கிறேன். உள்ளே வர மாட்டேன், முட்டி போட மாட்டேன். உன் சாமிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பூசை முடிகிறவரை வெறும் வயிற்றோடு நிற்பேன், அவ்வளவுதான். வயிற்றை நிறைத்துக்கொண்டு போனால், பதில் வேண்டாம் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். என் மூச்சு ஓடுகிறவரை இப்படித்தான் நிற்பேன். இது சத்தியம்.

அவர்கள் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும்,
உன் புருசன்
சுப்பையா