மேல்கணக்கு போட்ட ஐந்துக்கு ஐந்து

என் அம்மாவுக்கு, நம் தேயிலைத் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவின் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லோருக்கும் முந்தி எழுந்து எல்லோருக்கும் பிந்திச் சாப்பிட்ட என் தங்கத்துக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் உன்னோடு பேச எனக்கு வாயே வரவில்லை. அதற்குப் பிறகு கோபமாக இருந்தேன். இப்போது கோபம் இறங்கிவிட்டது, சொல்ல நல்ல சேதியும் இருக்கிறது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் காலையிலிருந்து மழை. உனக்குப் பிடிக்காத சாய்ந்த மழை. தலைக்கு மேல் எதைப் போர்த்தினாலும் முதுகை நனைத்துவிடுமே, அது.

நான் படித்த பல்கலைக்கழகத்திலேயே இப்போது வேலை பார்க்கிறேன். தற்காலிக உதவி விரிவுரையாளர். தோட்டத்தில் பேர் பதியாத ஆள் மாதிரி, எந்த நாளும் நிறுத்தலாம் என்று வைத்துக்கொள். நீ முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. பொறு, முழுக்கக் கேள்.

பல்கலைக்கழகம் தன்னைச் சுற்றியிருக்கும் சனத்துக்கு எவ்வளவு உபயோகமாக இருக்கிறது என்று அளந்து காட்ட வேண்டுமாம். அதற்குப் போன வருஷம் ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். எங்கள் பீடத்தின் பேராசிரியை, நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம், என்னை அழைத்துச் சிங்களத்தில் சொன்னார்: "நீ அந்தப் பக்கத்துப் பிள்ளை. உன்னிடம் மனம் திறந்து பேசுவார்கள். நீயே போய் வா." எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கதவு வரை போனவளை நிறுத்தி இன்னொன்றும் சொன்னார். நிறைய மதிப்பெண் வந்த இடத்தில் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டு அடுத்த வருஷம் வேறு தோட்டத்துக்குப் போவோம், குறைவாக வந்த இடத்தில் இன்னும் இரண்டு வருஷம் இருப்போம் என்றார். அப்போது அது என் காதில் சரியாக விழவில்லை. நம் லயத்துக்கு என்ன புடவை கட்டிக்கொண்டு போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நடமாடும் நூலகம், பிள்ளைகளுக்கு வகுப்பு, கண் பரிசோதனை, தண்ணீர் ஆய்வு, மண் ஆய்வு என்று நாங்கள் செய்ததைப் பற்றி இருபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை போட வேண்டும். ஒன்று என்றால் ஒரு பிரயோசனமும் இல்லை, ஐந்து என்றால் முழுத் திருப்தி. இரண்டு ஞாயிற்றுக்கிழமை லயம் லயமாக ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி கொடுத்தார்கள், வேண்டாம் என்றால் கோபித்தார்கள். எல்லா வீட்டிலும் ஐந்துதான் போட்டார்கள்.

பழனியாண்டி மாமாவை மறந்திருக்க மாட்டாய். கோயில் பக்கத்துக் காம்பரா வீடு. அவரிடம் கேட்டேன்.

"நடமாடும் நூலகம் எப்படி மாமா இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு தாயி. அஞ்சு போட்டுக்க."

"என்ன புத்தகம் எடுத்தீங்க?"

"நான் எங்க எடுத்தேன். அட்டையெல்லாம் அழகா இருந்துச்சுன்னு பேசிக்கிட்டாங்க."

அம்மா, அந்த நூலக வேன் மேல்கணக்குக்கு வரவே இல்லை. ஃபெக்டரிக்கு மேலே இருக்கிற கொண்டை வளைவில் ஏற முடியாமல் திரும்பிப் போய்விட்டது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வேனுக்குள் நான்தான் இருந்தேன். மாமாவிடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஐந்தைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். நாலு படி இறங்கியதும் சிரிப்பு நின்றுவிட்டது. வராத வேனுக்கே ஐந்து என்றால் கையிலிருக்கும் மற்ற ஐந்துகள் எல்லாம் என்ன?

நேராகப் பார்வதி அத்தை வீட்டுக்குப் போனேன். உன் பக்கத்துத் தேயிலை நிரையில் இருபது வருஷம் கொழுந்து எடுத்தவர், என்னிடம் பொய் சொல்ல மாட்டார் என்று ஒரு நம்பிக்கை. அத்தை வாசல் இஸ்தோப்பில், திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்ததுமே, "எனக்கும் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுக்க யோகா" என்றார், முறத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"கேள்விய கேக்கவே இல்லையே அத்தை."

"கேட்டா மட்டும் என்ன. அஞ்சுதான்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. என் குணம் உனக்குத் தெரியாதா? தாளை முறத்தின் மேலேயே வைத்தேன். "எல்லாரும் சேந்து பேசி வச்சிருக்கீங்களா? என்னைய முட்டாளாக்குறீங்களா?"

அத்தை தாளை எடுத்து, ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டி, என் கையில் திரும்பக் கொடுத்தார்.

"ஒன்னைய அனுப்பியிருக்காங்க. கொறைச்சுப் போட்டா யாருக்கு ஏச்சு விழும்? ஒனக்குத்தான? பேர் பதியாத வேல வேற. நம்ம புள்ளைக்கு நாங்க கொறைய விடுவமா? ஒங்கம்மாவுக்கே நாங்க கொறைய விட்டதில்ல."

"அம்மாவுக்கு என்ன?" என்றேன்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தார்.

அம்மா, இங்கே கொஞ்சம் நிறுத்தி உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்த இருதயத்தை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை மாதம் மலையில் வேலை செய்தார்?" என்று கேட்டார். விடுதியிலிருந்து நான் போன் எடுத்த போதெல்லாம், "நல்லாத்தான் இருக்கேன், நீ படி" என்றுதானே சொன்னாய்? கணக்கப்பிள்ளையிடம் போய்க் கேட்டேன். கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தானே, பாதிச் சம்பளம்தானே விழும், உனக்கு அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை வரை ஒரு நாள் கூட அரைப் பேர் விழவில்லை, எல்லாம் முழுப் பேர் என்று செக்ரோல் பதிவேட்டைக் காட்டினார். அதுதான் என் கோபம். முழுப் பேர் எடுக்கிற அளவுக்குத் தெம்பு இருந்தவள் திடீரென்று எப்படிப் போவாள்? என்னிடம் எதையோ மறைத்துவிட்டுப் போனாய் என்று உன் படத்தைக் கூடச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன்.

அத்தை அன்றுதான் சொன்னார். முதலில் பெருமையாகத்தான் ஆரம்பித்தார்.

"ஏத்தத்துல நாலு எட்டு வச்சா ஒங்கம்மா நின்னுரும். மூச்சு வாங்கும். கூடையில பாதி கூட இருக்காது. நாங்க ஆளுக்கு ரெண்டு கை அள்ளிப் போட்டுருவோம். மடுவத்துத் தராசுல நிறுக்கிறப்போ சரியா நிக்கும். பதினோரு மாசம், ஒரு நா கொறைஞ்சதில்ல."

நிரையில் ஒருத்திக்கு முடியாமல் போனால் மற்றவர்கள் கொழுந்து அள்ளிப் போடுவது எனக்குத் தெரியாத விஷயமா? பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு நீயே போட்டிருக்கிறாய். ஆனால் அதை உனக்கும் போட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. பதினோரு மாதம் தராசு உன்னை நல்லா இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, தோட்டமும் நம்பியது, நானும் நம்பினேன்.

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நா கொறைய விட்டிருந்தா கணக்கப்புள்ள ஏசியாவது இருப்பாரு. ஏன்னு கேட்டிருப்பாரு. டிஸ்பென்சரிக்காவது அனுப்பியிருப்பாரு" என்றார். அந்த வார்த்தையை அவர் மூன்று வருஷமாக வயிற்றில் வைத்திருந்திருக்கிறார், பாவம். இரண்டு பேரும் அந்த இஸ்தோப்பிலேயே உட்கார்ந்து அழுதோம். அரிசியில் காக்கை வந்து கொத்தியது, விரட்டக்கூட இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் மேடம் கதவருகே சொன்னது காதில் விழுந்தது. நிறைய மதிப்பெண் வந்த இடத்தில் வேலை முடிந்தது. என் பையில் இருந்தது முழுக்க ஐந்து. இதை நான் கொடுத்தால் மேல்கணக்கு நல்லா இருக்கிறது என்று எழுதி மூடிவிட்டு எல்லோரும் போய்விடுவார்கள். உனக்கு நடந்ததையே என் கையால் நம் லயத்துக்குச் செய்கிறேன் என்று பயம் வந்துவிட்டது, அம்மா. கினிகத்தேனையில் இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் மறுபடி பஸ் ஏறினேன்.

அடுத்த ஞாயிறு எல்லோரையும் பெரட்டுக் களத்துக்கு வரச் சொன்னேன். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில் நான் ஏறி நின்றேன். எழுதிக்கொண்டு போனதை எல்லாம் விட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னேன். "என் கூடையில கொழுந்து போடாதீங்க. அம்மாவுக்குப் போட்டது போதும்."

பழனியாண்டி மாமா தலையில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு பின்னாலிருந்து கவிதா எழுந்தாள், கடைசிக் காம்பராவுக்கு வாக்கப்பட்டு வந்தவள், இடுப்பில் குழந்தை. "அக்கா, கேக்கிறேன்னு கோவிச்சுக்காதீங்க. ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒங்க காம்பஸ் புள்ளைங்க வந்து நம்ம ரெண்டு ஊத்துப் பீலியிலயும் போத்தல் போத்தலா தண்ணி புடிச்சுட்டுப் போனாங்க. போட்டோவும் எடுத்தாங்க. அந்தத் தண்ணி நல்லதா கெட்டதா? எம்புள்ளைக்கு மாசத்துக்கு ரெண்டு தடவ வயித்தால போகுது."

அந்தத் தண்ணீர் ஆய்வுக்கும் எல்லா வீட்டிலும் ஐந்து போட்டிருந்தார்கள், கவிதா வீடு உட்பட.

அதற்குப் பிறகு அணை திறந்த மாதிரிதான். வேன் வரவில்லை. வகுப்பு எடுத்த பையன் பரீட்சை வந்ததும் சொல்லாமல் போய்விட்டான். மண்ணைத் தோண்டிக்கொண்டு போனார்கள், ஏன் என்று தெரியாது. நல்லதும் சொன்னார்கள், கண் பரிசோதனையை எல்லோரும் மெச்சினார்கள். தாளைப் புதிதாக நிரப்பினேன். ஒன்றும் இரண்டுமாக வந்தது, கண் பரிசோதனைக்கு மட்டும் நாலு.

மேடத்தின் மேசையில் இரண்டு தாள் கட்டுகளையும் வைத்தேன், பழையது, புதியது. உன் கதையையும் சொன்னேன். என் சிங்களம் அழுகை வந்தால் உடைந்துபோகும், ஆனாலும் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று ஒரு வீறாப்பு. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. "அந்தப் போத்தல்கள் எங்கே?"

அறிக்கை ஆய்வுகூடத்து அலுமாரியில் இருந்தது. ஆங்கிலத்தில், அழகாக பைண்ட் பண்ணி. மேல் பீலித் தண்ணீர் நல்லது, கீழ்ப் பீலித் தண்ணீர் கொதிக்க வைக்காமல் குடிக்கவே ஆகாது, மேலே ஏதோ கழிவுக்குழி கசிகிறது என்று எழுதியிருந்தது. இரண்டு வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது. மேடம் அதை நின்றபடியே படித்து முடித்தார். முகம் சிவந்துவிட்டது. என்னை ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாளில் அவரே வந்தார். கொண்டை வளைவில் வேன் நின்றது, இறங்கி நடந்தார். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றவருக்குப் பார்வதி அத்தை கை கொடுத்தார். பெரட்டுக் களத்தில் அவர் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். அறிக்கையை வரி வரியாகத் தமிழில் வாசித்தேன். அன்றைக்கே கீழ்ப் பீலியில் குடிக்கப் பிடிப்பதை நிறுத்தினார்கள். இப்போது மேல் பீலியிலிருந்து லயத்துக்குக் குழாய் வந்திருக்கிறது. குழாய் காம்பஸ் கொடுத்தது, வெட்டிப் பதித்தது நம் ஆட்கள், கழிவுக்குழியைத் தோட்டம் கட்டித் தந்தது. கவிதாவின் பிள்ளை கன்னம் வைத்திருக்கிறது, பார்த்தால் கிள்ளுவாய்.

வினாத்தாளும் மாறிவிட்டது. முதல் கேள்வி இப்போது இதுதான்: உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போனதற்கு உங்களுக்குப் பதில் வந்ததா? என் வேலை இன்னும் தற்காலிகம்தான். இன்னும் இரண்டு வருஷம் மேல்கணக்கில் என்று மட்டும் எழுதித் தந்திருக்கிறார்கள்.

நிரையில் கொழுந்து அள்ளிப் போடுவதை நிறுத்தவில்லை, அம்மா. நிறுத்தச் சொல்ல நான் யார்? ஆனால் ஒருத்திக்கு இரண்டாம் நாளும் போட வேண்டி வந்தால், அன்றைக்கே யாராவது ஒருத்தி அவளைக் கையைப் பிடித்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போகிறாள். பார்வதி அத்தை வைத்த சட்டம். யாரும் மீறுவதில்லை, அத்தையின் வாய்க்குப் பயம்.

போன ஞாயிறு இந்த வருஷத்துக் கணக்கெடுப்பு. அத்தை தாளை வாங்கி, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு கேள்வியாக என்னை வாசிக்க வைத்தார். கடைசியில், "மூணு" என்றார்.

"ஏன் அத்தை மூணு?"

"கொழாயில வெயில் காலத்துல தண்ணி நூலா வருது. வகுப்புக்கு வேற ஆள் வரல. அத ரெண்டையும் செஞ்சிட்டு வா, அஞ்சு போடுறேன்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தத் தாளை எடுத்து எடுத்துப் பார்த்தேன். நான் பட்டம் வாங்கிய அன்று கூட இவ்வளவு சந்தோஷப்படவில்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனி யார் என்னிடம் "நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும் இன்னொரு தடவை கேட்பேன். போனில் கேட்டுவிட்டு வைத்துவிட மாட்டேன், ஏறிப் போய் முகத்தைப் பார்த்துக் கேட்பேன். உன் படத்தையும் திருப்பி மாட்டிவிட்டேன்.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்பாய். உன்னை மாதிரிப் பொய் சொல்ல மாட்டேன். ஐந்துக்கு நாலு, அம்மா. அந்த ஒன்று நீ இல்லாத குறை. அதில் யாரும் கொழுந்து அள்ளிப் போட வேண்டாம், அது அப்படியே குறையாக இருக்கட்டும்.

பதினோரு மாதம் போனில் மட்டும் கேட்ட,
இனி யாரிடமும் ஏறி வந்து கேட்கப்போகிற
உன் மகள் யோகா